ஞானத்தின் பாட்டை நான் எடுத்த கதை

கிளாரினெட்டின் வாயை என் மனைவி உள்ளங்கையால் பொத்தினாள்.

அப்படிப் பொத்தினால் கிளாரினெட் நின்றுவிடாது. வாசித்தவர்களுக்கு இது தெரியும். சத்தம் பெரும்பாலும் விரல் துளைகள் வழியாகத்தான் வெளியே வரும். அடியில் இருக்கும் அகன்ற வாயை மூடினால் அடித்தொண்டைச் சுரம் ஒன்றுதான் கெடும். ஆகவே அன்று பாட்டை நிறுத்தியது அவள் கை இல்லை. அவள் முகத்தைப் பார்த்து நான்தான் நிறுத்தினேன்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தபசு காலம் தொடங்கியிருந்தது. பொழுது சாய்கிற நேரம். வீட்டுக்குப் பின்னால் எங்கள் கொல்லையில் முந்திரி பூத்திருந்தது. பூத்த முந்திரிக்கு ஒரு மயக்கமான வாசனை உண்டு. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் வரும். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, அவளுடைய பாட்டை மெதுவாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது.

அவள் உதடுகள் அசைந்தன. "எடுக்காதீங்க."

குரல் வரவில்லை. அவளுக்குக் குரல் போய் அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. உதட்டைப் பார்த்தே அவள் பேச்சைப் புரிந்துகொள்ள நான் பழகியிருந்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எடுப்பது, எழுதுவது, பிரிப்பது

எங்கள் ஊர் பேண்டு செட்டைப் பற்றி முன்பு இரண்டொரு வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், 'பாட்டை எடுத்தோம், பிரித்தோம், இறக்கினோம் என்று மாற்றி மாற்றி எழுதுகிறீர்களே, எல்லாம் ஒன்றுதானே' என்று கேட்டிருந்தார். ஒன்று இல்லை. சொல்லிவிடுகிறேன், இந்த வாரக் கதைக்கும் அது வேண்டியிருக்கிறது.

வாயால் பாடுகிற பாட்டைக் கருவிக்குக் கொண்டுவருவதற்கு எங்களிடம் பல சொற்கள் இருந்தன. ஒருவர் பாடுவதைக் காதால் கேட்டு, அந்த மெட்டை விரலில் பிடித்துக்கொள்வது 'எடுப்பது'. எடுத்ததைக் காகிதத்தில் சுரமாகப் போடுவது 'எழுதுவது'. பெண்கள் பாடுகிற உச்சிச் சுருதியில் இருக்கும் பாட்டை நம் கருவி தாங்கும் சுருதிக்குக் கீழே கொண்டுவருவது 'இறக்குவது'. எழுதியதைக் கார்னெட்டுக்கு இது, யூபோனியத்துக்கு இது, கிளாரினெட்டுக்கு இது என்று பங்கு போடுவது 'பிரிப்பது'.

எங்கள் மாஸ்டர் ராயப்பு பட்டாளத்து பேண்டில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஐந்து கோட்டு நோட்டு எழுதுவார். பிரிப்பதில் கெட்டிக்காரர். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் நாலு பேருக்குப் பிரித்து, பெரிய டிரம்முக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவார். நான் எடுப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர். ஒரு தரம் கேட்டால் போதும்.

இன்னொரு சொல்லும் உண்டு. அதை நான் பெரம்பலூரில் கேட்டேன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பஸ்ஸில் கரிப்புகை குடித்துக்கொண்டு பெரம்பலூருக்கு ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போயிருந்தோம். அங்கே தவிலோடு வந்திருந்த நாதஸ்வரக்காரர் ஒருவர், ஊர்வலம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தம்பி, கை நல்லா ஓடுது. மெட்டு சுத்தமா இருக்கு. ஆனா பாட்டைச் சொல்லலையே நீங்க."

"சொல்றதுன்னா?"

"கேக்குறவனுக்கு வார்த்தை காதுல விழணும். குழல்ல வார்த்தை கிடையாது. ஆனாலும் விழணும்" என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

பாட்டைச் 'சொல்வது' என்ற அந்தச் சொல்லை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண ஊர்வலத்தில் யார் வார்த்தையைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

முந்திரிக் கொல்லையில் ஒரு திருட்டு

என் மனைவியின் பெயர் ஞானம். அவளை நான் முதலில் குரலாகத்தான் அறிந்தேன்.

பக்கத்துக் கொல்லையில் பெண்கள் பழத்திலிருந்து முந்திரிக்கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டிருப்பார்கள். கையெல்லாம் கறை, வாயெல்லாம் பாட்டு. அந்தக் குரல்களில் ஒன்று மட்டும் தனியாக மேலே ஏறி நிற்கும். மரங்களுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டேன். அடுத்த நாள் அவர்கள் வரும் நேரம் பார்த்து அதே பாட்டை வாசித்தேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு ஒரு சிரிப்பு.

"யாரது? என் பாட்டை எடுத்துட்டீங்களே. திருப்பிக் குடுங்க!"

எடுப்பது என்பதற்கு ஊரில் வேறு அர்த்தமும் இருக்கிறதே. பேண்டுக்காரர்கள் நாங்கள் அதை மறந்திருந்தோம். ஒருவர் பொருளை எடுத்துவிட்டால் அது அவரிடம் இருக்காது. பாட்டு அப்படி இல்லை என்று அன்று நான் அந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாகப் பதில் சொன்னேன். இரண்டு வீட்டாரும் பேசி, அடுத்த அறுவடைக்குப் பிறகு எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். நடக்கத் தொடங்குமுன் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குமேல் குழந்தை இல்லை.

அந்த ஆண்டுக்குப் பிறகுதான் ஞானம் பெரிய வெள்ளியன்று பிரலாபம் பாடத் தொடங்கினாள். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தி மாதா அழுகிற பாட்டு அது. எங்கள் பக்கத்து ஊர்களில் ஊருக்கு ஒரு விதமாக இருக்கும். எங்கள் ஊர்ப் பாட்டை யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. 'எழுந்திருடா என் மகனே, இருட்டிப்போச்சு நம்ம வூடு' என்று தொடங்கும். கோயிலுக்குள் மெழுகுவர்த்தியெல்லாம் அணைத்த பிறகு அவள் ஒருத்தி நின்று பாடுவாள். ஆண்கள் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

மதலேனம்மா

பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று செய்தி வந்த சமயம், எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் ரங்கூனில் இருந்தார்கள். துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் கூலி வேலை. காடு வழியாக நடந்தே திரும்பி வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர். மற்றவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. செத்தார்கள் என்றும் தெரியாது, இருக்கிறார்கள் என்றும் தெரியாது.

அவர்களில் ஒருவன் சூசை. அவன் அம்மா மதலேனம்மா எங்கள் தெருவில் கடைசி வீடு. ஐம்பது வயதிருக்கும். வெள்ளாமை வேலையில் ஆணுக்குச் சமமாக நிற்பவள். செத்த செய்தி வராமல் ஒப்பாரி வைக்கக்கூடாது, வைத்தால் உயிரோடு இருக்கிறவனுக்கு ஆகாது என்பது ஊர் வழக்கம். ஆகவே அவள் அழாமல் இருந்தாள். சந்தையில் ஜெயங்கொண்டத்து பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

அந்த வருஷத்துப் பெரிய வெள்ளியன்று ஞானம் பாடும்போது அவள் குரலில் ஏற்கெனவே ஒரு கரகரப்பு வந்திருந்தது. அதோடுதான் பாடினாள். பாதியில் மதலேனம்மா எழுந்து, "ஐயோ, என் சூசையே!" என்று கத்திவிட்டாள். பிறகு ரங்கூன் போன பையன்களின் தாய்மார் எல்லோரும். மாதாவுக்காக அழுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் தங்களுக்காக அழுதுகொள்ள அந்த ஒரு நாள்தான் இருந்தது.

மழைக்காலத்துக்குள் ஞானத்தின் குரல் முழுக்கப் போய்விட்டது. முதலில் கரகரப்பு, பிறகு காற்று, பிறகு அதுவும் இல்லை. அரியலூருக்குப் போய் ரயிலேறித் திருச்சியில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் அவள் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடி ஒன்றை விட்டுப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாக அழைத்தார். உள்ளே கட்டி வளர்ந்திருக்கிறது, சென்னைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனால் கரண்டு வைத்துக் கட்டியைச் சுட்டுப் பார்ப்பார்கள், ஆனாலும் நிச்சயம் சொல்ல முடியாது என்றார். பட்டணத்திலிருந்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து மூட்டையோடு ஓடிவந்துகொண்டிருந்த காலம்.

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று உதட்டால் கேட்டாள்.

"பட்டணத்துக்குப் போகச் சொன்னாரு."

"போனா குரல் வருமா?"

நான் டாக்டர் கொடுத்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் வெளியே ஓடுகிற பனைமரங்களைப் பார்த்தாள். "அப்ப வூட்டுக்கே போவோம்" என்றாள்.

ஏலாக்குறிச்சி மாதாவிடம் நடந்துபோய் வேண்டிக்கொண்டோம். நாட்டு வைத்தியரின் கஷாயம் குடித்தாள். சோறு இறங்கச் சிரமமாயிற்று. கஞ்சிக்கு வந்தாள்.

மாஸ்டர் பிரித்த பாட்டு

அடுத்த தபசு காலம் தொடங்கியதும் மதலேனம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சின்னப்பா, இந்த வருசம் யாருப்பா பாடுவா?"

"யாராவது பாடுவாங்க அக்கா."

"யாரும் பாட மாட்டாளுவ. இவ பாடுன எடத்துல நிக்க எவளுக்கும் துணிச்சல் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "இந்த வருசம் அழுவலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்ப்பா. உன் குழல்ல அந்தப் பாட்டு வருமா?"

நான் ஞானத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கு இரண்டொரு நாள் கழித்துத்தான் நான் முந்திரிக் கொல்லையில் உட்கார்ந்து வாசித்ததும், அவள் வந்து பொத்தியதும். 'எடுக்காதீங்க.' இத்தனை வருஷம் ஆகியும் பாட்டு என்பது எடுத்தாலும் குறையாத பொருள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவளிடம் அது இல்லை. அவளிடம் இல்லாத நேரத்தில் அது என் கையில் ஒலித்தது.

ஆனால் மதலேனம்மா கேட்டுவிட்டுப் போனது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ராயப்பு மாஸ்டரிடம் போய்ப் பாட்டை வாசித்துக் காட்டினேன். அவர் எழுதினார், இறக்கினார், பிரித்தார். பள்ளிக்கூட வராந்தாவில் ஒத்திகை. கார்னெட் தாய்க்குரலாக ஏறியது. யூபோனியம் அடியில் உறுமியது. நான் நடுவே நிரவினேன். கேட்க நன்றாகவே இருந்தது. "எப்படி?" என்று மாஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வராந்தா ஓரத்தில் ஞானம் நின்றிருந்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்து, "வா தாயி, நல்லா இருக்கா?" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான் பின்னாலேயே போனேன். தெருமுனையில் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"மெட்டு இருக்கு. பாட்டு எங்க?" என்று உதட்டால் கேட்டாள்.

"வார்த்தை இல்லாம எப்படி ஞானம்? கருவிதானே."

"வார்த்தையைச் சொல்லலை நான்." தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். "மூச்சு எங்க?"

மூச்சு

அன்று மாலை அவளே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கிளாரினெட்டைச் சுட்டி, வாசியுங்கள் என்று கை காட்டினாள்.

ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை. மதலேனம்மா முகமாக இருக்கலாம். தன் பாட்டை நாலு கருவிகள் ஊர்வலம் போல வாசிப்பதைக் கேட்டதாலும் இருக்கலாம்.

பேண்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, வரி முடியும் இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்பது. நடுவே எடுத்தால் கத்துக்குட்டி. நான் முதல் வரியை ஒரே மூச்சில் வாசித்தேன். ஞானம் கை நீட்டி என் மார்பில் வைத்தாள். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். 'எழுந்திருடா என் மக' வரைக்கும் வந்தபோது கையை அழுத்தினாள்.

நிறுத்தினேன். "இங்கயா? வார்த்தை நடுவுலயா?"

ஆமாம் என்றாள்.

"மகனேங்கறது ஒரே சொல்லு, ஞானம். அதை ஒடைக்கக் கூடாது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உதட்டால் மெதுவாகச் சொன்னாள்: "அந்த எடத்துல எனக்குத் தொண்டை அடைக்கும். ஒவ்வொரு வருசமும்."

அத்தனை வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டவன் நான். ஒரு தரம் கேட்டால் எடுத்துவிடுவேன் என்று பெயர் வாங்கியவன். அந்தச் சொல்லின் நடுவில் அவள் மூச்சு உடைந்து, பாதிச் சொல்லை விட்டு, மீதியை எட்டிப் பிடித்துத்தான் பாடினாள் என்பதை நான் எடுக்கவே இல்லை. எங்கள் பையன் பெயரை அவள் வீட்டில் சொல்வதே கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை அந்த அரைச் சொல்லில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தினமும் பொழுது சாயும் நேரம் அப்படி உட்கார்ந்தோம். அவள் கை அழுத்துகிற இடத்தில் நான் விட்டேன்; எடுக்கிற இடத்தில் தொடர்ந்தேன். சில இடங்களில் சுரம் முழுதாக நிற்காது, கீழே சரியும். அதற்கு அவள் விரலைச் சரித்துக் காட்டுவாள். மாஸ்டர் எழுதிய காகிதத்தில் அதற்கெல்லாம் குறி கிடையாது. அவரிடம் போய், "மாஸ்டர், இது பிரிக்கிற பாட்டு இல்லிங்க. ஒத்தை ஆளா வாசிச்சிக்கிறேன்" என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும், "உன் பொண்டாட்டி பாட்டு, நீ சொல்றதுதான்" என்றார்.

கோயிலுக்கு வெளியே

பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டியிருந்தது. பெரிய வியாழனிலிருந்து உயிர்ப்புச் சனி வரைக்கும் கோயிலில் எந்தக் கருவியும் ஒலிக்கக்கூடாது. கோயில் மணியே பேசாது. மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள்.

"தோத்திரம் சாமி" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "சின்னப்பா, மணிக்கே வாயைக் கட்டிப் போடறோம். உன் குழலுக்கு நான் எப்படிப்பா வாய் திறந்து விடறது?"

"புரியுதுங்க சாமி."

நான் வாசல் வரைக்கும் போன பிறகு கூப்பிட்டார். "ஆண்டவரைக் கெடத்தின தூம்பா ஊரைச் சுத்தி வந்து கோயிலுக்குள்ள வச்சதும் நான் கதவைச் சாத்திடுவேன். அதுக்கப்புறம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் யார் என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாதானே திட்டணும்?"

பெரிய வெள்ளியன்று ஆண்டவர் உருவத்தைக் கிடத்திய தூம்பாவைத் தெருவெல்லாம் சுமந்து வந்து உள்ளே வைத்தார்கள். சாமியார் கதவைச் சாத்தினார். வெயில் இறங்கி, வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய முந்திரி மரங்களுக்குக் கீழே பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பழம் பழுத்து விழுந்து அந்த இடமெல்லாம் ஒரு புளித்த வாசனை. ஞானம் பின்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். வற்றிப்போயிருந்தாள். முகத்தில் கண்கள் மட்டும்தான் பழையபடி.

நான் வாசித்தேன். பழகியபடியே வாசித்தேன். சொல் நடுவில் விட்டேன், எட்டிப் பிடித்தேன், சரியவேண்டிய இடத்தில் சரிந்தேன்.

யாரும் அழவில்லை.

பெண்கள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டாள். மதலேனம்மா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு தவிப்பு. வாசல் வரை வந்து கதவு திறக்காமல் நிற்பவள் மாதிரி.

இரண்டாவது வரிக்குள் ஞானம் எழுந்து வந்தாள். எனக்கு முன்னால், பெண்களைப் பார்த்து நின்றாள். முக்காட்டை விலக்கினாள். நான் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. தோள்பட்டை எலும்புகள் ரவிக்கைத் துணிக்குள் ஏறி இறங்குவது தெரிந்தது. அவள் மூச்சை இழுக்கும்போது நான் இழுத்தேன். அவள் தோள் நடுங்கிய இடத்தில் என் சுரம் உடைந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் உதட்டால் பாடிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சத்தம் இல்லை. என்னிடம் வார்த்தை இல்லை.

"எழுந்திருடா..." என்று முன்வரிசையில் ஒருத்தி அவள் உதட்டைப் பார்த்து முணுமுணுத்தாள்.

'மக' என்ற இடத்தில் ஞானத்தின் தோள் நின்றது. நான் நின்றேன். அந்த ஒரு கண இடைவெளியில் மதலேனம்மாவிடமிருந்து, "சூசையே! ராசா! எங்கடா கெடக்குற!" என்று ஒரு கூப்பாடு வெடித்தது. அதற்குப் பிறகு நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன். அவள் தோள் அசைந்துகொண்டிருந்த வரைக்கும் வாசித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஞானம் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் அப்படி நடப்பது எங்கள் வழக்கமில்லை. வீட்டு வாசலில் நின்று, "பசிக்குது" என்றாள்.

பல நாளாக அந்தச் சொல்லை நான் அவள் உதட்டில் பார்த்ததில்லை. அடுப்பை மூட்டி நொய்க்கஞ்சி வைத்தேன். ஆற்றி, ஆற்றிக் கொடுத்தேன். அரை டம்ளர் குடித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி விழுங்கினாள். போதும் என்று டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

கருவி வாயில் இருக்கும்போது

ஐப்பசி மழை தொடங்குமுன் ஞானம் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு எங்கள் பேண்டு செட்டே வந்தது. மாஸ்டர் என் அருகில் வந்து, "அந்தப் பாட்டை வாசிக்கிறியாப்பா?" என்று கேட்டார். முடியாது என்றேன். வழக்கமான சாவு மெட்டையே வாசித்தார்கள். நான் கிளாரினெட் பங்கை வாசித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். வரிசையில் ஒரு ஆள் குறைந்தால் பாட்டு கெட்டுவிடும் என்று அன்று நினைத்தேன். குழியில் மண் போடும்போதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கல் மாதிரி இருக்கிறான் பார் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகும் வரவில்லை. வெள்ளாமை, கல்யாணம், ஊர்வலம், திருவிழா. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்தேன்.

மறு வருஷம் பெரிய வெள்ளியன்று நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தூம்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் பார்த்தால், பெண்கள் பேசிவைத்தது போல முந்திரி மரத்தடிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் வரியைத் தொடங்கினேன். எங்கே விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பது எல்லாம் தெரியும். தெரிந்தும், அந்த இடம் நெருங்கும்போது என் கண் எனக்கு முன்னால் ஒரு முதுகைத் தேடியது. அங்கே புல்லும் சருகும்தான். விட்ட மூச்சை என்னால் திரும்ப இழுக்க முடியவில்லை. கருவிக்குள் வெறும் காற்று போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

மதலேனம்மா எழுந்து வந்தாள். சூசையைப் பற்றி அதுவரை ஒரு செய்தியும் இல்லை, பிறகும் வரவில்லை. அவள் என் வாயிலிருந்து கருவியை மெதுவாக வாங்கினாள்.

"குடு இப்படி. இதை வாயில வச்சிக்கிட்டு எப்படிப்பா நீ அழுவ? ஒக்காரு."

"அக்கா, பாட்டு..."

"பாட்டை நாங்க பாத்துக்கிறோம். நீ ஒக்காரு சின்னப்பா."

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஆம்பிளை ஒருவன் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்காருவது எங்கள் ஊரில் நடக்கிற காரியமில்லை. உட்கார்ந்தேன். மதலேனம்மா தொடங்கினாள். பாடத் தெரியாதவள். சுருதி எங்கேயோ இருந்தது. மெட்டு பாதிதான் சரி. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள்.

'மகனே' என்ற இடம் வந்தபோது மதலேனம்மா அந்தச் சொல்லைப் பாடவில்லை.

"எழுந்திரும்மா என் ஞானம்" என்று பாடினாள். "இருட்டிப்போச்சு ஒன் வூடு."

எல்லோரும் அதையே திருப்பிப் பாடினார்கள். நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, ஊர் கேட்க, வாய்விட்டு அழுதேன்.